சூரிச்சிலிருந்து புடாபெஸ்ட் வரை, ஒரே பகலில் ஒரே ரயிலில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூரிச் நகரில் காலையில் ரயில் ஏறி, வழியில் எங்கும் வண்டி மாறாமல், அன்று இரவே புடாபெஸ்டில் இறங்கலாம். இந்தப் பாதையில் போக விரும்புகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன். ஐரோப்பாவில் இதைவிட வேகமான ரயில்கள் பல உண்டு. ஆனால் நாடுகள் ஒன்றையொன்று எப்படித் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பதை இருக்கையில் அமர்ந்தபடியே இவ்வளவு தெளிவாகக் காட்டும் பகல்நேரப் பாதை வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இது எந்த ரயில்? எத்தனை நாடுகளைக் கடக்கிறது?

ஆஸ்திரிய ரயில்வேயின் ரெயில்ஜெட் என்னும் அடர்சிவப்பு வண்டி இது. 2008 டிசம்பரில் ஓடத் தொடங்கிய இந்த வகை வண்டிகளில், சூரிச்சுக்கும் புடாபெஸ்டுக்கும் இடையே நேரடியாகச் செல்பவை சிலவே. மற்றவை வியன்னாவோடு நின்றுவிடும். அப்படி நின்றால் வியன்னா மத்திய நிலையத்திலேயே அடுத்த புடாபெஸ்ட் வண்டியில் ஏறிக்கொள்ளலாம்.

சுவிட்சர்லாந்தில் புறப்பட்டு, லீக்டன்ஸ்டைனைக் கடந்து, ஆஸ்திரியாவுக்குள் நுழைந்து, நடுவில் ஜெர்மனியின் ஒரு மூலையை ஊடறுத்து, மீண்டும் ஆஸ்திரியா வழியாக ஹங்கேரியை அடைகிறது. ஆக ஐந்து நாடுகள். தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வியன்னா வரை ஏறத்தாழ எட்டு மணி நேரமும், அங்கிருந்து புடாபெஸ்டுக்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலும் ஆகும். ஐந்து நாடுகளிலும் ஒரே நேரம்தான் என்பதால் கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. கால அட்டவணை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் நடுவில் மாறுகிறது. பழைய அட்டவணையை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் போகக்கூடிய ஊருக்கு ஒரு பகல் முழுவதும் ஏன் செலவழிக்க வேண்டும்?

அவசர வேலையாகப் போகிறவர்கள் விமானத்தில்தான் போக வேண்டும். ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கோ அந்தப் பகலே பயணத்தின் பாதி. மேகத்துக்கு மேலே பறக்கும்போது ஆல்ப்ஸ் மலை ஒரு வெள்ளைக் கோடாகக் கடந்துபோகும். ரயிலில் அதன் அடிவாரத்துப் பழத்தோட்டங்களில் தொடங்கி, சரிவில் ஏறி, குடைந்த மலைக்குள் நுழைந்து, மறுபக்கம் இறங்கி, கடைசியில் மலையே இல்லாத சமவெளிக்கு வந்து சேர்கிறீர்கள். சுவிஸ் நாட்டின் நெருக்கமும் ஹங்கேரியின் அகலமும் ஒரே கண்டத்தில் எப்படிப் பொருந்தி நிற்கின்றன என்பது அப்போதுதான் புரிகிறது. கரியமில வாயு வெளியேற்றமும் விமானத்தைவிட மிகக் குறைவு.

இரவு ரயிலில் தூங்கிக்கொண்டே போய்விடலாமே?

போகலாம், சூரிச்சிலிருந்து புடாபெஸ்டுக்கு இரவு ரயிலும் இருக்கிறது. விடுதிச் செலவு மிச்சமாகும். ஆனால் முதன்முறையாகப் போகிறவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் பாதையின் மிக அழகான பகுதி முழுவதும் இருட்டில் போய்விடும். பகல் வண்டியிலும் முடிந்தவரை முன்னதாகப் புறப்படுவதையே தேர்ந்தெடுங்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடுவதால் ஹங்கேரிச் சமவெளியைப் பார்க்க முடியாது. மே முதல் செப்டம்பர் வரை அந்தக் கவலை இல்லை.

எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார வேண்டும்?

சூரிச்சிலிருந்து புறப்படும்போது இடப்பக்கம். இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை என்றாலும், காரணத்தைத் தெரிந்துகொண்டால் அந்த இருக்கையை எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள்.

புறப்பட்ட சிறிது நேரத்திலேயே சூரிச் ஏரி இடப்பக்கம் விரிகிறது. அது முடிந்து சற்று நேரத்தில் வாலன் ஏரி வருகிறது. பாதை ஏரியின் தென்கரையை ஒட்டிச் செல்வதால், நீருக்கு அப்பால் செங்குத்தாக எழும் குர்ஃபிர்ஸ்டன் மலைத்தொடர் உங்கள் ஜன்னலை நிறைத்துக்கொண்டு நிற்கும். இடையிடையே சிறு சுரங்கங்கள் வந்து காட்சியை மறைக்கும். அதைப் பார்த்துக் கைப்பேசியை உள்ளே வைத்துவிடாதீர்கள், உடனே மீண்டும் ஏரி வந்துவிடும்.

பூக்ஸ் என்னும் எல்லை நிலையத்தில் ரயில் திசை மாறிப் புறப்படுவதால், இடப்பக்கம் இருந்த நீங்கள் எழுந்திருக்காமலேயே வலப்பக்கத்துப் பயணி ஆகிவிடுவீர்கள். அதன்பின் ஆர்ல்பெர்க் மலையேற்றத்தில் பாதை பள்ளத்தாக்கின் வடக்குச் சரிவில் ஏறுகிறது. பள்ளத்தாக்கு தெரிவது வலப்பக்கம். ஆக, முதலில் ஏரிகளைக் காட்டிய அதே ஜன்னல் பிறகு மலையையும் காட்டும். பிற்பகலில் ஜெர்மனியின் கீம்சே ஏரியும், கடைசியில் புடாபெஸ்டின் டான்யூப் ஆறும் மறுபக்கத்தில் வரும். அதற்குள் வண்டியில் யாராவது இறங்கி இடம் காலியாகியிருக்க வாய்ப்புண்டு.

முன்னோக்கி அமர்ந்தால்தான் தலை சுற்றாது என்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சூரிச்சிலிருந்து பூக்ஸ் வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். அந்த நேரம் மட்டும் பின்னோக்கி அமர்ந்தால், மீதி நாள் முழுவதும் முன்னோக்கிப் போவீர்கள்.

பூக்ஸ் நிலையத்தில் ரயில் ஏன் வந்த வழியே திரும்புவதுபோல் புறப்படுகிறது?

பயப்பட வேண்டாம், சூரிச்சுக்குத் திரும்பவில்லை. பாதைகள் சேரும் கோணம் அப்படி. ரெயில்ஜெட்டின் ஒரு முனையில் எஞ்சினும் மறுமுனையில் ஓட்டுநர் அறையோடு கூடிய பெட்டியும் இருப்பதால் எஞ்சினைக் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. சில நிமிடங்களே நிற்கும் அந்த இடைவெளியில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால், தோள்பையோடு ஒருவர் நடைமேடை நெடுகிலும் நடந்துபோவதைக் காணலாம். ஓட்டுநர் மறுமுனைக்கு வேலைக்குப் போகிறார். எஞ்சின் உங்கள் பெட்டிக்கு அருகில் இருந்தால் காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். டாரஸ் வகை எஞ்சின்கள் நகரத் தொடங்கும்போது, மின்சாரத்தை மாற்றித் தரும் கருவியின் ஒலி ஸ்வரம் ஸ்வரமாக ஏறுவது தெளிவாகக் கேட்கும்.

லீக்டன்ஸ்டைனைப் பார்த்ததாகக் கணக்கில் வைத்துக்கொள்ளலாமா?

கடந்தோம் என்று சொல்லலாம். பூக்ஸைவிட்டு ரைன் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் அந்த நாடு தொடங்குகிறது. ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. ரெயில்ஜெட் அங்கே நிற்பதில்லை. அந்நாட்டின் பாதையை இயக்குவதே ஆஸ்திரிய ரயில்வேதான்; பணமோ சுவிஸ் பிராங்க்; சுங்கமும் 1924 முதல் சுவிட்சர்லாந்தோடு இணைந்தது. இறங்கிப் பார்க்க விரும்பினால், பூக்ஸ் நிலையத்திலிருந்து பேருந்தில் தலைநகர் வாடூஸ் போவது எளிது.

ஆர்ல்பெர்க் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அங்கே அப்படி என்ன இருக்கிறது?

இந்த நாளின் உச்சம் அது. ஆஸ்திரியாவின் ப்ளூடென்ஸ் ஊரைத் தாண்டியதும் வண்டியின் வேகம் குறைந்து ஏற்றம் தொடங்கும். லாங்கன் நிலையம் வரையிலான ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் ரயில் 650 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடங்களில் ஆயிரம் மீட்டர் ஓடுவதற்குள் 31 மீட்டர் உயர்கிறது. பல் சக்கரத்தின் உதவி இல்லாமல், வழவழப்பான தண்டவாளத்தில் சாதாரண இரும்புச் சக்கரம் மட்டுமே கொண்டு ஏறும் வண்டிக்கு இது கடுமையான ஏற்றம். சரிவு நெடுகிலும் மரத்தாலும் இரும்பாலும் கட்டிய வேலிகள் வரிசை வரிசையாக நிற்பதைக் காண்பீர்கள். அவை பனிச்சரிவைத் தடுப்பதற்காக அமைத்தவை. 1954 ஜனவரியில் இந்தச் சரிவிலுள்ள தாலாஸ் நிலையத்தைப் பனிச்சரிவு ஒன்று அழித்துவிட்டது. இன்றும் கடும் பனிக்காலத்தில் பாதையைச் சில மணி நேரமோ சில நாட்களோ மூடுவது உண்டு.

லாங்கனைக் கடந்ததும் 10.6 கிலோமீட்டர் நீளமுள்ள ஆர்ல்பெர்க் சுரங்கம் வருகிறது. 1880-இல் தோண்டத் தொடங்கி 1884-இல் திறந்தார்கள். இந்தப் பாதையை வடிவமைத்துக் கட்டுமானத்தை நடத்திய பொறியாளர் யூலியஸ் லோட், இருபுறமும் தோண்டிவந்தவர்கள் மலைக்குள் சந்தித்த நாளைப் பார்க்காமலேயே 1883-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இறந்துபோனார். சுரங்கத்தின் கிழக்கு வாயிலில் இருக்கும் சாங்க்ட் ஆன்டன் ஊரில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். அந்த மனிதரை நினைத்துக்கொண்டே அந்த இருட்டைக் கடக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இன்னொன்று உண்டு. சுரங்கத்துக்கு மேலே நிற்கும் மலை ஐரோப்பாவின் நீர்ப்பிரிமேடுகளில் ஒன்று. அதன் மேற்குச் சரிவில் விழும் மழை ரைன் ஆற்றில் சேர்ந்து வடகடலுக்குப் போகிறது; கிழக்குச் சரிவில் விழும் மழை இன் ஆறு வழியாக டான்யூபில் சேர்ந்து கருங்கடலுக்குப் போகிறது. காலையில் நீங்கள் பார்த்த ஏரிகள் இரண்டும் ரைனுக்கு உரியவை. சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் ஜன்னலோரம் துள்ளிக்கொண்டு ஓடும் ரோசன்னா ஓடையின் நீரோ, இரவு நீங்கள் இறங்கும் புடாபெஸ்ட் நகருக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது. அரசியல் எல்லைகளைக் கடவுச்சீட்டில் பார்க்கலாம். இந்த எல்லையை ரயிலிலிருந்துதான் பார்க்க முடியும்.

இறக்கத்தில் டிரிசன்னா பாலத்தைத் தவறவிடாதீர்கள். ஆற்றுக்கு மேலே ஏறத்தாழ 87 மீட்டர் உயரத்தில் நிற்கும் இரும்புப்பாலம் அது. பக்கத்திலேயே வீஸ்பெர்க் கோட்டை. சில விநாடிகளில் கடந்துவிடும்.

ஆஸ்திரியாவின் இரண்டு ஊர்களுக்கு இடையே ரயில் ஏன் ஜெர்மனிக்குள் நுழைகிறது?

இன்ஸ்ப்ரூக்கையும் சால்ஸ்பர்க்கையும் ஆஸ்திரிய மண்ணிலேயே இணைக்கும் பாதை மலைகளைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதில் நேரம் வெகுவாகக் கூடும். அதனால் கூஃப்ஸ்டைன் அருகே எல்லையைத் தாண்டி, ரோசன்ஹைம் நகரத்தை ஒட்டிய இணைப்பு வளைவில் திரும்பி, பவேரியாவின் புல்வெளிகள் வழியாகச் சால்ஸ்பர்க் சேர்கிறது. ஜெர்மனியில் எங்கும் நிற்காது. ஆனாலும் அது இன்னொரு நாடு; கடவுச்சீட்டு பெட்டிக்குள் அடியில் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

எத்தனை விசா எடுக்க வேண்டும்?

ஒன்றே போதும். சுவிட்சர்லாந்தும் லீக்டன்ஸ்டைனும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும், ஐந்து நாடுகளுமே ஒரே விசாவை ஏற்கும் ஷெங்கன் பகுதிக்குள் இருக்கின்றன. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தங்கும் நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டின் தூதரகத்தில்.

சுவிட்சர்லாந்தில் வாழும் நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பி (B), சி (C) வதிவிட அனுமதி உள்ளவர்கள் அந்த அட்டையோடும் செல்லுபடியாகும் கடவுச்சீட்டோடும் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை போய்வரலாம். புகலிடம் கேட்டிருப்போருக்கான 'என்' (N) அட்டையோ, தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டோருக்கான 'எஃப்' (F) அட்டையோ மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த உரிமை இல்லை. குடிவரவு அதிகாரிகளின் அனுமதியில்லாமல் எல்லையைத் தாண்டுவது அவர்களின் வழக்கையே பாதிக்கக்கூடும். "ரயிலில் யாரும் பார்ப்பதில்லை" என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். எல்லை நிலையங்களில் காவலர்கள் ஏறிச் சோதிப்பது வழக்கமாக நடப்பதுதான்.

பயணச்சீட்டை எப்போது, எப்படி வாங்குவது?

முடிந்தவரை முன்கூட்டியே வாங்குங்கள். பொதுவாக ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விற்பனை தொடங்கும். ஆஸ்திரிய ரயில்வே தளத்தில் ஷ்பார்ஷீனே என்ற பெயரில் வரும் மலிவுச் சீட்டு, கடைசி நேர விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் அது குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே செல்லும். அந்த வண்டியைத் தவறவிட்டால் சீட்டு வீண். சுவிஸ் பாதி விலை அட்டை இருந்தால் அதைக் குறிப்பிட மறக்காதீர்கள், சுவிஸ் பகுதிக்குக் கழிவு கிடைக்கும்.

இருக்கை முன்பதிவு கட்டாயமில்லை, சீட்டு விலையில் அது சேர்ந்திருப்பதும் இல்லை. இருந்தாலும் சில யூரோ கொடுத்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். கோடை விடுமுறையிலும், பனிச்சறுக்குக்காரர்கள் நிறைந்துவரும் குளிர்காலச் சனிக்கிழமைகளிலும் இடமில்லாமல் நின்றுகொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பல நாட்கள், பல ஊர்கள் சுற்றுகிறவர்களுக்கு ரயில் பாஸ் உதவும். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்போருக்கு யூரெயில், ஐரோப்பாவில் வசிப்போருக்கு இன்டர்ரெயில். நான்கு வயது முதல் பதினொரு வயது வரையிலான குழந்தைகள் இருவரைப் பெரியவர் ஒருவர் தம் பாஸோடு கட்டணமின்றி அழைத்துச் செல்லலாம். இன்டர்ரெயிலில், சொந்த நாட்டுக்குள் வெளியே போக ஒரு நாளும் திரும்பிவர ஒரு நாளுமே பயன்படுத்த முடியும்.

ரயில் தாமதமானால் என்ன செய்வது?

நீண்ட பாதை என்பதால் தாமதம் நேரும் என்று எண்ணியே கிளம்புங்கள். 2024 செப்டம்பர் வெள்ளத்தில் வியன்னாவுக்கும் சாங்க்ட் போல்டனுக்கும் இடையிலான அதிவேகப் பாதை சேதமடைந்து டிசம்பர் வரை மூடியிருந்தது. பழைய பாதையில் வண்டிகள் சுற்றிப் போயின. ஆர்ல்பெர்க் பகுதியிலும் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் பாதையை மூடிப் பேருந்து விடுவார்கள். சீட்டு வாங்கும் முன் இதைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்; பேருந்தில் மாறிப் போகும் நாளாக இருந்தால், என்னைக் கேட்டால், தேதியை மாற்றுவதே மேல்.

ஐரோப்பிய விதிப்படி, சேருமிடத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் கட்டணத்தில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் 50 விழுக்காடும் திரும்பக் கேட்கலாம். கடும் இயற்கைச் சீற்றம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. பயணம் முழுவதற்கும் ஒரே சீட்டாக வாங்குவது இதனால்தான் முக்கியம்: தனித்தனிச் சீட்டுகளாக வாங்கினால், முதல் வண்டியின் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிட்டாலும் பொறுப்பேற்க எவரும் இருக்க மாட்டார்கள். புடாபெஸ்ட் சேரும் இரவே விமானம் ஏறும்படி ஒருபோதும் திட்டமிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

வண்டியில் உணவுப் பெட்டி இருக்கிறது. சூப்பு, ரொட்டி, சூடான உணவு, காப்பி எல்லாம் கிடைக்கும். சைவ உணவு கிடைத்தாலும் தேர்வு குறைவு. சொந்த உணவைக் கொண்டுவந்து இருக்கையிலேயே சாப்பிடுவது இங்கே மிகச் சாதாரணம். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் மதியம் வரை கெடாது. மணம் வீசும் கறிகளை மூடிய ரயில்பெட்டியில் பிறரோடு பகிர்ந்துகொள்வதை மட்டும் தவிர்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை சுவிஸ் கடைகள் மூடியிருந்தாலும் சூரிச் நிலையத்தின் தரைக்கீழ்க் கடைகள் திறந்திருக்கும். தண்ணீரை நிலையத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், கழிப்பறைக் குழாய்நீர் குடிக்கத் தக்கதன்று.

இருக்கையருகே மின்செருகி உண்டு. அது ஜெர்மன் வகை. சுவிஸ், இந்திய, இலங்கை மூன்று முனைச் செருகிகள் அதில் நுழையாது.

வயதான பெற்றோரை அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக. நாள் முழுவதும் ஒரே இருக்கை, நடமாட இடம், அருகில் கழிப்பறை என்பதால் பேருந்தையும் விமானத்தையும்விட அவர்களுக்கு இதுவே எளிது. சக்கர நாற்காலியோ ஏறி இறங்க உதவியோ தேவையானால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் ரயில்வேக்குத் தெரிவியுங்கள். பெட்டிகளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியதில்லை. கனமானவற்றை வைக்கத் தனி அடுக்குகள் இருக்கின்றன.

வியன்னாவுக்குப் பிறகு பார்க்க ஒன்றுமில்லையா?

மலை இல்லை என்பது உண்மை. வியன்னாவின் கிழக்கே காற்றாலைகள் அடர்ந்த பார்ன்டார்ஃப் மேட்டுநிலம், அதன்பின் ஹெக்யெஷாலோம் என்னும் ஹங்கேரி எல்லை நிலையம். ஹங்கேரிய நடத்துநர் வந்து சீட்டை மறுபடி பார்ப்பார். அறிவிப்பில் ஹங்கேரிய மொழி முந்திக்கொள்ளும். தலைக்கு மேலுள்ள கம்பியில் மின்சாரமும் 15,000 வோல்ட்டிலிருந்து 25,000 வோல்ட்டுக்கு மாறும். பயணிக்குத் தெரிவது அவ்வளவே.

ஆனால் இந்த வயல்வெளியில்தான் ஐரோப்பாவை இரண்டாகப் பிளந்த முள்வேலி இருந்தது. சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்து ஹங்கேரியில் வெடித்த 1956 எழுச்சி நசுக்கப்பட்டபின் ஏறத்தாழ இரண்டு லட்சம் ஹங்கேரியர்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். பெரும்பாலோர் இந்த எல்லை வழியாக ஆஸ்திரியாவுக்கு வந்தார்கள். 1989 மே மாதம் ஹங்கேரி அந்த வேலியைப் பிரிக்கத் தொடங்கியது. செப்டம்பரில் கிழக்கு ஜெர்மானியர்களுக்கு எல்லையைத் திறந்துவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் பெர்லின் சுவரே திறந்தது. 2015 செப்டம்பரில், புடாபெஸ்ட் கெலெட்டி நிலையத்தில் ரயில் ஏற முடியாமல் நாட்கணக்கில் தங்கியிருந்த அகதிகள் இதே ஆஸ்திரிய எல்லையை நோக்கி நெடுஞ்சாலையில் நடக்கத் தொடங்கினார்கள். எல்லை கடப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதைத் தம் குடும்பத்திலேயே அறிந்த ஈழத்தமிழர் பலர் இந்த ரயிலில் போகிறார்கள். வேகம் குறையாமல் கடந்துபோகும் அந்த நிலத்தை அவர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிறகு டாடபான்யா நகருக்கு மேலே குன்றின் உச்சியில் சிறகு விரித்து நிற்கும் துருல் பறவையின் பெரிய வெண்கலச் சிலை தெரியும். ஹங்கேரியர்களின் தொன்மக் கதைகளில் வரும் பறவை அது.

நடுவில் ஓர் இரவு தங்குவதானால் எங்கே?

இன்ஸ்ப்ரூக். நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம், வீதியின் முடிவில் மலை நிற்கும். மலிவுச் சீட்டில் வழியில் இறங்கித் தங்க முடியாது; இரண்டு சீட்டாக வாங்க வேண்டும்.

கெலெட்டியில் இறங்கியதும் என்ன செய்ய வேண்டும்?

ஆர்ல்பெர்க் சுரங்கம் திறந்த அதே 1884-இல் திறந்த நிலையம் அது. அவசரமில்லையென்றால் வெளியே போய்த் திரும்பி அதன் முகப்பைப் பாருங்கள். நீராவி எஞ்சினுக்கு வழிவகுத்த ஜேம்ஸ் வாட்டும் ஜார்ஜ் ஸ்டீவன்சனும் இருபுறமும் சிலையாக நிற்கிறார்கள்.

ஹங்கேரியில் யூரோ அல்ல, ஃபோரின்ட். வங்கி இயந்திரத்தில் பணம் எடுக்கும்போது உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று கேட்டால் மறுத்துவிட்டு ஃபோரின்டிலேயே எடுங்கள். இல்லாவிட்டால் மோசமான மாற்றுவிகிதத்தில் நஷ்டம் உங்களுக்கு. எம்2, எம்4 என்னும் இரண்டு மெட்ரோ பாதைகள் நிலையத்துக்கு அடியிலேயே இருக்கின்றன. நகர நடுவில் தங்குவதானால் எம்2 எடுத்து டியாக் சதுக்கத்தில் இறங்குங்கள். மெட்ரோ சீட்டை ஏறும் முன்பே செல்லுபடியாக்க வேண்டும். பரிசோதகர்கள் பெட்டியோடு வரும் பயணிகளிடமும் தயங்காமல் அபராதம் வசூலிப்பார்கள்.